அணிலின் நான்காவது கோடு: ஏற்காட்டு வார வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமைக் காலை. சமுதாயக் கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அணில் கதையைக் கணீரென்று படித்துக்கொண்டிருந்தான். "ராமர் அணிலைக் கையில் எடுத்தார். மூன்று விரல்களால் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார்." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். ஏற்ற இறக்கம் எல்லாம் வில்லுப்பாட்டுக்காரர் மாதிரி. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. அவன் கையிலிருந்த தாளில் 'மூன்று' என்ற சொல்லே இல்லை. 'நான்கு விரல்களால்' என்றுதான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.

வேண்டுமென்றே செய்ததுதான். முந்தின வாரம் இதே பையன் தாளைப் புரட்டாமலே அடுத்த பக்கத்தைப் படித்திருந்தான்.

அதே தாளை அவனுக்குப் பக்கத்தில் இருந்த நாலாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்தேன். ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிற பெண். 'த-ட-வி' என்று விரல் வைத்து ஊர்ந்து வந்தவள், அந்த இடத்தில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், தப்பா அடிச்சிருக்கீங்க."

பதினொரு பேரில் அன்றைக்கு உண்மையில் படித்தது அவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் அதுவரை 'மெதுவானவள்' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

யார், எங்கே

ஊர், சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் உள்ள சின்னக் கிராமம். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. பெற்றோர் சிலர் எஸ்டேட் வேலைக்குப் போகிறார்கள்; சிலருக்குக் கொஞ்சம் சொந்தக் காடு, அதில் மிளகும் காபியும்.

நான் இருப்பது சேலத்தில். சனி, ஞாயிறு காலை பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், இரண்டு மணி நேரம் வகுப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் பதினொரு பிள்ளைகள். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. கதைகளில் வரும் உயிர்களின் பெயரை ஆளுக்கொன்றாக அவர்களே எடுத்துக்கொண்டார்கள். கணீரென்று படித்தவன் அணில். தப்பைக் கண்டுபிடித்தவள் எறும்பு. கேள்வி கேட்டே உயிரை எடுப்பவன் காக்கா. மற்றவர்கள் இந்தக் கட்டுரையில் அதிகம் வரமாட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளின் வயதைக் கவனிக்க வேண்டும். 2024-25இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டியவர்கள். அப்போது மூடிய பள்ளி, தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதாவது 'அம்மா, ஆடு, இலை' படிக்க வேண்டிய ஒன்றாம் வகுப்பு முழுதும், இரண்டாம் வகுப்பில் பாதியும் வீட்டிலேயே போய்விட்டன. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது இவர்கள் மூன்றாம் வகுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்ற படிகளில் அவர்கள் ஏறத் தொடங்கியதே அப்போதுதான்.

தொடக்கத்தில் நான் வைத்த சோதனை எளிமையானது: எழுத்து, சொல், பத்தி, கதை என்று நாலு படி. கிராமத்துப் பிள்ளைகளின் படிக்கும் திறனைச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பில் செய்வதைப் போலத்தான். கதைப் படியில் மூன்று பேர், பத்தியில் மூன்று பேர், மீதி ஐந்து பேர் எழுத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் தடுமாறினார்கள். கதைப் படியில் இருந்த மூவரில் அணிலும் ஒருவன். அவனுக்கு நான் படிக்கக் கொடுத்தது அவன் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஏற்கெனவே நடத்தி முடித்த பாடம் என்பதை யோசிக்கவே இல்லை. இது என் தவறு.

ஏன் இந்தக் கதைகள்

அணிலுக்கு ஏன் முதுகில் கோடு? காக்கா ஏன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது? நிலா ஏன் தேய்கிறது? தாழம்பூவை ஏன் சிவனுக்கு வைப்பதில்லை? இந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைகளின் வால் வெளியே நீண்டிருக்கும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. முயல், ஆமை கதை முடிந்தால் முடிந்தது. அணில் கதை முடிந்தவுடன் தலையைத் தூக்கினால் மரத்தில் அணில் ஓடுகிறது. கேள்வி முதல் வரியில், பதில் கடைசி வரியில். பதில் வேண்டுமென்றால் கடைசி வரி வரை போயாக வேண்டும். பாதியில் தாளைக் கீழே வைக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தூண்டில் இல்லை என்று நினைத்தேன்.

பாதி சரி. மீதிப் பாதியைத்தான் அணில் எனக்குக் காட்டினான்.

படித்தல் பற்றி 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். படித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டினால் அல்ல, பெருக்கினால். ஒன்று சுழி என்றால் விடையும் சுழி. அணிலுக்கு இரண்டாவது திறன் ஏராளம். ஆயா (பாட்டி) மடியில் கதை கேட்டு வளர்ந்தவன். முதல் திறன் சுழிக்குப் பக்கத்தில். விடை சுழியாக வந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்த கதையைக் கொடுத்ததால் நினைவாற்றல் வந்து இடத்தை நிரப்பிவிட்டது. முதல் எழுத்தைப் பார்ப்பான், படத்தைப் பார்ப்பான், மீதி அவன் ஆயா சொன்னது.

புராணக் கதைகளை வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுக்க நினைக்கும் யாரும் முதலில் விழும் குழி இது. நமக்கு நல்லதாகத் தெரிகிற கதை, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாகத்தான் இருக்கும். தெரிந்த கதை வாயைத் திறக்கும், கண்ணை மூடிவிடும்.

அன்றைக்கு அணிலை நான் திருத்தவில்லை. நான்கு கோடு போட்ட அணில் எங்கேயாவது இருக்குமா என்று எல்லாரையும் கேட்டேன். நம்ம ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடு. வட இந்தியாவில் இருக்கும் அணில் வகைக்கு ஐந்து. இதைச் சொன்னதும் காக்கா எழுந்தான். "அப்ப வடக்க மட்டும் ராமர் அஞ்சு விரலாலயும் தடவுனாரா டீச்சர்?" சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. சும்மா ஒரு தகவலுக்கு: வால்மீகியில் இந்த அணிலே கிடையாது. தொண்டரடிப்பொடியாழ்வார் பாட்டில் தண்ணீரில் குளித்து, புரண்டு ஓடி, அணை கட்ட உதவும் அணில் உண்டு. ஆனால் அதன் முதுகில் கோடு விழுவது அந்தப் பாட்டில் இல்லை. கோடு பின்னால் யாரோ போட்டது. ஒரு பிள்ளை "ஏன்" என்று கேட்டிருக்கும், ஒரு பாட்டி போட்டிருப்பாள்.

ஜடாயுவின் எலும்பு

அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மாற்றம் செய்தேன். தெரிந்த கதையாக இருந்தால் உள்ளே ஒரு விவரத்தை மாற்றி எழுதுவது. இல்லையென்றால் அவர்கள் கேட்டிராத கதையை எடுப்பது.

கேட்டிராத கதை மலையடிவாரத்திலேயே கிடைத்தது. சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் வெள்ளைக் கரடுகள் உண்டு. வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். சுண்ணாம்பு இல்லை, அது மேக்னசைட். உலைக்களங்களில் வெப்பம் தாங்கும் செங்கல் செய்யப் போகிறது. அந்த வெள்ளைக் கல் எல்லாம் ஜடாயுவின் எலும்பு என்று பழைய கதை ஒன்று இருக்கிறது. சீதையைத் தூக்கிப் போன இராவணனோடு சண்டை போட்டு, சிறகு வெட்டுப்பட்டு விழுந்த பறவை. மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் அந்த வெள்ளையைப் பார்த்திருக்கும் பிள்ளைகள், ஆனால் ஒருவருக்கும் இந்தக் கதை தெரியாது.

பதினான்கு வரியில் எழுதிக் கொண்டுபோனேன். தாளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் கல்லைக் கைமாற்றி விட்டேன். முகர்ந்து பார்த்தார்கள், நாக்கில் வைத்துப் பார்த்தான் ஒருவன். "இது என்னன்னு தாள்ல இருக்கு" என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அணில் படித்த விதம் வேறு. முதல் வரியிலேயே நின்றுவிட்டான். வேர்த்தது. படம் இல்லை, தெரிந்த கதை இல்லை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 'சொன்னது' என்று இருந்ததைச் 'சேன்னது' என்றான். ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் என்ன ஒலி என்பது அவனுக்குக் குழப்பம். தமிழில் இது உண்மையிலேயே சிக்கலான இடம். 'சொ' என்று எழுதும்போது ஒலியில் பின்னால் வரும் உயிரின் பாதி எழுத்துக்கு முன்னாலும் மீதி பின்னாலும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலி அப்படிப் போவதில்லை. மற்ற பிள்ளைகள் முன்னால் அவன் அவமானப்பட்டுவிட்டான் என்பது தெரிந்தது. அடுத்த நாள் வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் அவனைத் திரும்பக் கூட்டிவர முடிந்தது.

எறும்பு வழக்கம்போல ஊர்ந்து வந்தாள். "இராவணன் சிறகை வெட்டியதால் ஜடாயுவால் பறக்க முடியவில்லை" என்ற வரியில் மாட்டிக்கொண்டாள்.

"ஜடாயு... வால். ஜடாயு வால் பறக்க முடியவில்லை." நிமிர்ந்தாள். "வால் எதுக்கு டீச்சர் பறக்கணும்? றெக்கையத்தானே வெட்டுனாரு?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. அவள் எழுத்தைச் சரியாகப் படித்தாள். பொருளையும் சோதித்தாள். பொருள் சேராததால் நின்றாள். படித்தல் என்று சொல்வது இதைத்தானே.

ஒரு 'ஆல்'

இந்த வகுப்பில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இந்த வரியிலிருந்துதான் வந்தது. தமிழில் காரணம் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'வெட்டியது' என்றால் நடந்தது. 'வெட்டியதால்' என்றால் அதுதான் காரணம். வித்தியாசம் ஒரு துணைக்காலும் ஒரு புள்ளி வைத்த எழுத்தும். சொல்லின் முன்பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கிற பிள்ளை, அந்த ஊகத்தில் முதலில் தொலைப்பது காரணத்தைத்தான். பத்திப் படியில் இருந்த மூவரையும் சோதித்தேன். மூவருமே 'வெட்டியதால்' என்பதை 'வெட்டினான்' என்று படித்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனார்கள். கேட்பதற்குச் சரளமாகத்தான் இருந்தது. "ஜடாயு ஏன் பறக்கவில்லை?" என்று கேட்டால் "செத்துப்போச்சு" என்றார்கள்.

பேச்சில் இவர்களுக்குக் காரணம் தெரியாதா என்ன? "மழ பேஞ்சதால வரல டீச்சர்" என்று வாரா வாரம் சொல்கிறவர்கள்தான். பேச்சில் 'தால' என்று நீட்டி விழுவது, எழுத்தில் 'தால்' என்று ஒடுங்கிக் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. 'ஏன்னா' என்பது எழுத்தில் 'ஏனெனில்' ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லை முதல் தடவை பார்த்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி "ஏனெனில்னு யாரு டீச்சர், ராமரோட தம்பியா?" என்று கேட்டாள்.

'ஏன்' கதைகள் இங்கேதான் உண்மையில் வேலை செய்தன. மற்ற பாடத்தில் அந்த 'ஆல்' போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. இந்தக் கதைகளில் அந்த 'ஆல்' இல்லையென்றால் கதையே இல்லை. அதனால் ஒரு விளையாட்டு வைத்தேன், பெயர் 'தொட்டுக் காட்டு'. நான் "ஏன்?" என்று கேட்பேன். வாயால் பதில் சொல்லக் கூடாது. தாளில் பதில் இருக்கும் எழுத்தின் மேல் விரலை வைக்க வேண்டும். வாயை அடைத்ததும் அணில் மாதிரிப் பிள்ளைகளுக்கு ஆயாவின் கதை உதவவில்லை. கண் தாளுக்கு இறங்கியது. முதல் வாரம் விரல்கள் வாக்கியம் முழுவதும் மேய்ந்தன. ஜூலை வாக்கில் பெரும்பாலும் நேராகச் சொல்லின் வால்மேல் போய் விழுந்தன. எறும்பு ஒருபடி மேலே போய், 'வெட்டியதால்' என்பதில் இருக்கும் ஆலும் 'ஜடாயுவால்' என்பதில் இருக்கும் ஆலும் வேறு வேறு என்று கண்டுபிடித்தாள். ஒன்று ஏன் என்று சொல்கிறது, இன்னொன்று யாருக்கு முடியவில்லை என்று சொல்கிறது. வேற்றுமை உருபு பற்றி யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பா இல்லையா என்று சண்டை வந்தது. நான் பதில் சொல்லாமல், எலுமிச்சம்பழச் சாற்றில் முட்டை ஓட்டையும் கல்லையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். முட்டை ஓட்டில் நுரை கட்டியது. கல் சும்மா கிடந்தது. சுண்ணாம்பு இல்லை என்பது முடிவானது. எலும்பா என்பது முடிவாகவில்லை. ஜடாயு விழுந்த இடம் என்று கேரளத்துச் சடையமங்கலத்தையும் ஆந்திரத்து லேபாட்சியையும்கூடச் சொல்கிறார்களே என்றேன். காக்கா அசரவில்லை. "பெரிய பறவ டீச்சர். அங்கங்க விழுந்திருக்கும்."

காபிப் பூ

ஏப்ரல் பற்றிச் சுருக்கமாக. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். புராணம் எதிலும் இல்லாத செடி. அதனால் அதற்குக் கதையும் இல்லை. கோடையில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாள் கழித்துத் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசம் வரும். ஏன் மழை விழுந்த அன்றே பூக்கவில்லை? கதை இல்லையென்றால் நீங்களே எழுதுங்கள் என்றேன். வரிக்கு ஒரு 'ஆல்' வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை.

பெரும்பாலும் சாமி, சாபம், ரிஷி என்று கேட்ட கதையின் நகல்கள். எறும்பு எழுதியதை அப்படியே தருகிறேன், எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி:

"மழை வந்து காபிச் செடியை எழுப்பியது. செடி சோம்பேறி என்பதால் எழவில்லை. பத்து நாள் கழித்து வெயில் சுட்டதால் எழுந்தது. கொட்டாவி விட்டது. வாயைப் பெரிதாகத் திறந்ததால் பல் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது."

இதை நான் ஐந்து தடவையாவது படித்திருப்பேன்.

கிரகண ராத்திரி

செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம். அந்த வாரம் ராகு கதையைப் படித்திருந்தோம். தேவர்கள் வரிசையில் ஒளிந்து உட்கார்ந்து அமுதம் குடித்த அசுரன், சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்ததால் தலை வெட்டப்பட்டவன், அந்தக் கோபத்தில் இருவரையும் அவ்வப்போது விழுங்குகிறவன். "கழுத்துக்குக் கீழே உடல் இல்லாததால் நிலா வெளியே வந்துவிடுகிறது" என்று முடித்திருந்தேன்.

அன்றைக்குக் கீழே இறங்காமல் எறும்பு வீட்டிலேயே தங்கினேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் நிலாவின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. பதினொரு மணிக்கு முழுவதும் மறைந்தபோது நாலு பேர்தான் விழித்திருந்தார்கள். மறைந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. கறுப்பாகவில்லை, பழைய செம்புக் குடத்தின் நிறத்தில் தொங்கியது. எண்பது நிமிஷத்துக்கு மேல் அப்படியே.

காக்கா ஏமாற்றப்பட்டவன்போலத் திரும்பினான். "டீச்சர், செவப்புன்னு கதையில போடலையே."

நான் வாயைத் திறப்பதற்குள் எறும்பு சொன்னாள், போர்வைக்குள்ளிருந்து. "வெட்டுன கழுத்து வழியாத்தானடா வருது. ரத்தம் ஒட்டாதா?"

அந்த இரத்தம் என் தாளில் எங்கும் இல்லை. 'உடல் இல்லாததால்' என்ற ஒரு சொல்லிலிருந்து அவளே பறித்துக்கொண்டது. எழுதியதைப் பிடித்துக்கொண்டு எழுதாததைக் கண்டுபிடிப்பதற்கு ஆசிரியப் பயிற்சியில் 'உய்த்துணர்தல்' என்று பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் டார்ச்சையும் பந்தையும் வைத்துக்கொண்டு இன்னொரு பதிலையும் படித்தோம். பூமியின் நிழல் நிலாமேல் விழுகிறது. பூமியைச் சுற்றியுள்ள காற்று வழியாக வளைந்து வரும் வெளிச்சத்தில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் போய்ச் சேருகிறது. சாயங்கால வானம் சிவப்பதும் இதே காரணத்தால்தான். கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு ஒன்றில் 'கதை' என்றும் மற்றதில் 'உண்மை' என்றும் எழுதினேன்.

அது பெரிய தப்பு. மறுவாரம் ஒரு பிள்ளையின் ஆயா கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா டீச்சரு, ராகு முழுங்கறது பொய்யின்னு பேத்தி சொல்லுது. நாளைக்குச் சேர்வராயனும் பொய்யின்னு சொல்லுமா?"

"இல்லீங்க ஆயா, அப்படிச் சொல்லித் தரல" என்றேன். ஆனால் பலகையில் நான் எழுதியது அதைத்தான் சொன்னது. 'உண்மை' என்று ஒரு கட்டத்துக்குப் பெயர் வைத்தால் இன்னொரு கட்டம் என்னவாகும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டுக் 'கதை சொல்வது', 'கண் பார்ப்பது' என்று எழுதினேன். அவருக்கு எழுத்து தெரியாது. பேத்தியைப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். "செரி, ரெண்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அடிக்கடி வந்தார்.

மலை உச்சியில் சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது, சேர்வராயனும் காவிரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். நல்ல 'ஏன்' கதைக்கு எல்லாம் அமைந்த இடம். அதை நான் வகுப்பில் தொடவில்லை, இனியும் தொடமாட்டேன். வைகாசியில் திருவிழா எடுத்துக் கும்பிடுகிற சாமியைக் கட்டம் போட்டுப் பிரிப்பது என் வேலை இல்லை. ராகுவையும் அப்படித்தானே கும்பிடுகிறார்கள் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

டிசம்பர்க் கணக்கு

நவம்பரில் காபிப் பழம் பறிக்கத் தொடங்கினால் வகுப்பு கலைந்துவிடும். பெரிய பிள்ளைகள் வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலர் பறிக்கவும் போகிறார்கள். டிசம்பர்ச் சோதனைக்கு ஏழு பேர்தான் இருந்தார்கள். இந்தத் தடவை யாரும் பார்த்திராத பகுதியைக் கொடுத்தேன், படம் இல்லாமல்.

எறும்பு கதைப் படிக்கு வந்திருந்தாள். இன்னும் மெதுவாகத்தான், ஆனால் கேட்ட 'ஏன்' எல்லாவற்றுக்கும் விரல் சரியான இடத்தில். பத்திப் படியில் இருந்த மூவரில் இருவர் 'ஆல்' விழுங்குவதை விட்டிருந்தார்கள். எழுத்துப் படியில் இருந்தவர்களில் இரண்டு பேருக்கு இந்தக் கதைகளால் எந்தப் பயனும் இல்லை. கதையை ஆசையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குத் தேவைப்பட்டது எழுத்து அட்டையும் மணலில் எழுதும் பழக்கமும் தினமும் உட்காரும் ஒரு ஆளும். வாரத்துக்கு இரண்டு நாள் போகும் என்னால் அது ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் அதே மாதங்களில் நடந்த பாடத்தின் பங்கு எவ்வளவு, என் கதைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் இந்த ஆய்வில் வழி இல்லை.

அணில் இறங்கியிருந்தான். கதைப் படியிலிருந்து பத்திப் படிக்கு. பிப்ரவரியில் அவனை எந்தப் படியில் வைத்திருக்க வேண்டுமோ அதைவிட இரண்டு படி மேலே வந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவன் அம்மாவுக்கு அதை விளக்குவது சுலபமாக இல்லை.

"முன்னாடி கடகடன்னு படிப்பான் டீச்சர். உங்ககிட்ட வந்தப்புறம் திக்கித் திக்கிப் படிக்கிறான்."

மூன்று விரல், நான்கு விரல் கதையைச் சொன்னேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

கடைசி வாரம், செருப்பு வாங்க அவனைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு நான் ஏறிய பஸ்ஸிலேயே அவன் அம்மாவும் வந்தார். அணிலுக்கு ஜன்னலோர இடம். பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவில் பஸ் மெதுவானது. ரோட்டோரம் மஞ்சள் பலகை. 'சாலைப் பணி நடைபெறுவதால் மெதுவாகச் செல்லவும்.' அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விரலைக் காற்றில் நகர்த்திப் படிக்க ஆரம்பித்தான். "சா...லைப் பணி... நடை...பெறு...வ...தால்." தால் வந்ததும் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினான். திரும்பவும் ஜன்னலைப் பார்ப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது.

"ஏன்னு கண்டுபுடிச்சிட்டேன் டீச்சர்" என்றான். "என்ன பண்ணணும்னு போட்டிருந்தாங்க, அதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு."